ஆண் கப்பியை எடுத்தாலும் குஞ்சு வரும்

தம்பி, தொட்டியில் வளர்க்கும் கப்பி என்ற சிறு அலங்கார மீனில் ஆண்களைப் பிடித்து எடுத்துவிட்டால் அடுத்த மாதமே பெருக்கம் நின்றுவிடும், மிஞ்சியதைக் கந்தளாய்க் குளத்தில் விட்டால் நுளம்பும் குறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலாவது பிழை, இரண்டாவது செய்யவே கூடாதது.

பெண் கப்பி ஒருமுறை சேர்ந்தால் போதும், விந்தை உடலுக்குள்ளேயே பல மாதம் சேமித்து வைத்திருக்கும். ஏறக்குறைய 4 கிழமைக்கு ஒருமுறை ஈன்றுகொண்டே இருக்கும், பக்கத்தில் ஆண் இல்லாவிட்டாலும். உப்புவெளியில் எங்கள் முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் நானும் இப்படித்தான் ஏமாந்தேன். ஆண்களை எடுத்து மூன்று மாதம் கழித்தும் குஞ்சு வந்தது! அந்தக் குஞ்சுகளிலும் ஆண் இருக்குமே; ஒன்றிரண்டு மாதத்தில் அவையும் முதிர்ந்துவிடும். அடித்துடுப்பு விசிறிபோல் இல்லாமல் கூர்ங்குச்சியாக மாறினால் அது ஆண். அப்போதே வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். அப்புறம், பாசியையும் செடியையும் கொஞ்சம் குறையுங்கள். ஒளிய இடமில்லாவிட்டால் பெரிய மீன்களே பாதிக் குஞ்சைத் தின்றுவிடும். கொடுமைதான், ஆனால் வேலை செய்யும்.

குளத்தில் மட்டும் விடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்யும் என்று வாங்கி, பிறகு வெளியே விட்ட டேங்க் கிளீனர் மீன் இன்று இலங்கைக் குளங்களில் பெருகி, மீனவர்களின் வலையில் சிக்கி வலையைக் கிழிக்கிறது. வாய்க்காலும் வேண்டாம். மிஞ்சியதை அலங்கார மீன் கடைக்காரரிடம் சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். மார்கழி மழைக்கு முன் தொட்டியின் வழிகாலுக்கு நுளம்பு வலை கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளத்தோடு அவையாகவே போய்விடும்.