துளை மட்டும் ஒரிஜினல்

மாஸ்டர்: தம்பி, போன சனிக்கிழமை நீர் தந்த, பின்னால் வருவதைக் காட்டும் மட்காட் கண்ணாடிகள் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன். பெட்டி கிழியவில்லை, பளபளப்பும் குறையவில்லை, காரில் ஏறத்தான் மறுக்கின்றன.

தம்பி: மாஸ்டர், அவை ஒரிஜினல் சாமான்.

மாஸ்டர்: ஒரிஜினலா என்று நான் கேட்கவேயில்லையே. என்னுடையது 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார். அந்த ஆண்டில் செய்த கண்ணாடி உம்முடைய இறாக்கையில் புதுப் பெட்டியோடு எனக்காகக் காத்திருக்கும் என்று நம்புகிற அளவுக்கு என் மூளை இன்னும் துருப்பிடிக்கவில்லை. நகல் என்று தெரிந்து, நகலாகத்தான் வாங்கினேன்.

தம்பி: மெதுவாகச் சொல்லுங்கள், முதலாளி உள்ளே இருக்கிறார். எங்கள் கடையில் நகல் விற்பதில்லை.

(கொழும்பில் கார் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்குப் பெட்டியோடு வந்தது என்று பொருள். பெட்டி இல்லாமல் வந்தால் அது 'பக்கா ஒரிஜினல்'.)

மாஸ்டர்: சரி, ஒரிஜினல் என்றே வைத்துக்கொள்வோம். மைனரின் மட்காட் குடம் போல வளைந்து இறங்குகிறது. இந்தக் கண்ணாடியின் அடித்தட்டோ மேசை போலத் தட்டையாக இருக்கிறது. வைத்துப் பார்த்தால் நடுப்பகுதி மட்டும் தொட்டுக்கொண்டிருக்க, ஓரங்கள் இரண்டும் ஆகாயத்தில் நிற்கின்றன.

தம்பி: கொஞ்சம் அராவினால் சரியாகிவிடும்.

மாஸ்டர்: எதை அராவுவது?

தம்பி: எது இடைஞ்சலாக இருக்கிறதோ அதை.

மாஸ்டர்: இடைஞ்சலாக இருப்பது கார், தம்பி.

தம்பி: மெக்கானிக் பாஸிடம் சொன்னால் பார்த்துச் செய்வார்.

மாஸ்டர்: பாஸ் பார்த்துவிட்டுத்தான் என்னை இங்கே அனுப்பினார். அடுத்தது போல்ட். முந்திய சொந்தக்காரர் பூட்டியிருந்த கண்ணாடிகளின் நட்டுகள் மட்காட்டின் உட்புறத்தில் பற்றவைத்தபடியே இருக்கின்றன. அவை கால் அங்குல நட்டுகள், அதாவது 6.35 மில்லிமீற்றர். நீர் தந்த போல்ட் 6 மில்லிமீற்றர். இரண்டு சுற்றுக்குப் பிடிப்பது போல நடித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது. முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவன் கேட்கிறேன், அந்த 0.35 எங்கே போனது?

தம்பி: அது சின்ன வித்தியாசம்தானே மாஸ்டர். கொஞ்சம் அராவினால்...

மாஸ்டர்: அராவினால் போல்ட் மெலியும், நட்டு அகலும். அராவி அராவி ஒரு போல்ட்டைப் பருக்க வைக்கிற அரம் உம்மிடம் இருந்தால் அதை முதலில் எடுத்து வையும், கண்ணாடியை மறந்துவிட்டு அதை வாங்கிக்கொண்டு போகிறேன்.

தம்பி: அப்படியென்றால் பழைய நட்டை விட்டுவிட்டு, பக்கத்தில் புதிதாக ஒரு துளை போட்டுவிடலாம். இப்போது எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

மாஸ்டர்: அறுபது வருடத்துக்கு மேல் வெள்ளவத்தைக் கடற்காற்றைக் குடித்தும் ஓட்டை விழாத தகட்டில், போன மாதம் பிறந்த கண்ணாடிக்காக நான் ஓட்டை போட வேண்டும். நாளைக்கு இந்தக் கண்ணாடியின் குரோம் கொப்புளித்து உரிந்ததும் கழற்றி வீசிவிடலாம், ஆனால் துளையை எந்தக் குப்பையில் வீசுவது? இந்த வேலை முழுவதிலும் துளை மட்டும்தான் ஒரிஜினலாக இருக்கும்.

தம்பி: மாஸ்டர் கோபப்படாதீர்கள். கண்ணாடிக்குப் பதிலாக, முன் கண்ணாடிக்கு மேலே பூட்டுகிற இந்த வெயில் மறைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மைனருக்கென்றே வந்த ஒரிஜினல்.

மாஸ்டர்: மைனருக்கென்று வந்ததுதான், எந்த மைனருக்கு? 1956க்கு முன்பு முன் கண்ணாடி இரண்டு துண்டு, நடுவில் ஒரு கம்பி. இந்த மறைப்பின் நடுக்கால் அந்தக் கம்பியில் ஊன்றி நிற்க வேண்டியது. என் காரில் ஒரே கண்ணாடி. கம்பிக்கு எங்கே போவேன்?

தம்பி: கண்ணாடியின் நடுவில் மேலிருந்து கீழாகக் கறுப்பு ரேப் ஒன்று ஒட்டிவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. காருக்கும் இரண்டு வயது கூடும், 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார்களுக்கு என்ன விலை போனது என்று உங்களுக்குத் தெரியும்தானே.

மாஸ்டர்: வயதைக் குறைப்பதற்குத் தலைக்கு மை பூசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், கூட்டுவதற்கு ரேப் ஒட்டுகிறவரை இன்றுதான் காண்கிறேன்.

தம்பி: அதுவும் வேண்டாமென்றால் இந்த ஸ்பொட் லைட். வெளியே பழைய காலத்து வட்டக் கூடு, உள்ளே எல்.ஈ.டி. அப்படியே பூட்டினால் போதும்.

மாஸ்டர்: இந்த விளக்கின் கூடு பற்றரியின் எந்த முனையோடு சேர வேண்டும்?

தம்பி: நெகட்டிவ். உலகம் முழுவதும் நெகட்டிவ்தான்.

மாஸ்டர்: மைனர் அந்த உலகத்தைச் சேர்ந்ததன்று. அதில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் காரின் உடலோடு இணைந்திருக்கிறது. பழைய இழை பல்ப் என்றால் எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் எரியும், எல்.ஈ.டி. அப்படியன்று. இதை அப்படியே பூட்டினால் விளக்கு எரியாது. வயரை மாற்றிப் பூட்டினால் வயர் எரியும்.

தம்பி: கொஞ்சம்...

மாஸ்டர்: மின்சாரத்தையுமா அராவப் போகிறீர்?

தம்பி: இல்லை மாஸ்டர், கொஞ்சம் இருங்கள், தேநீர் வரவழைக்கிறேன் என்று சொல்ல வந்தேன்.

மாஸ்டர்: தேநீர் நல்லது. அது வருவதற்குள் ஒன்று சொல்கிறேன், கேளும். 1990களில் இதே இலங்கைத் தீவில் மைனருக்கான தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். கார் பிறந்த நாட்டுக்காரன், நம்மவர் கைபட்ட தகட்டை வாங்கித் தன் காரில் பற்றவைத்தான். அவையும் நகல்தானே? காரைப் பக்கத்தில் நிறுத்தி அளந்து செய்த நகலுக்குக் கூச்சம் எதுவும் தேவையில்லை. உம்முடைய கண்ணாடியைச் செய்தவன் மைனரை நாட்காட்டிப் படத்தில்தான் கண்டிருக்கிறான், அந்தப் படத்திலும் மட்காட்டை ஒரு பெண் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அதனால்தான் நான் ஒரிஜினலைக் கேட்கவில்லை. நல்ல நகல் ஒன்று தாரும் என்று கேட்கிறேன்.

தம்பி: மாஸ்டர், மறுபடியும் சொல்கிறேன், எங்களிடம் நகல் இல்லை. எல்லாம் ஒரிஜினல்.

மாஸ்டர்: அப்படியென்றால் என் பணத்தைத் திருப்பித் தாரும். இதோ பில்.

தம்பி: (பில்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து) இது செல்லாது மாஸ்டர்.

மாஸ்டர்: ஏன் செல்லாது? உம்முடைய கையெழுத்து, உம்முடைய முத்திரை.

தம்பி: இது கார்பன் கொப்பி. பணம் திருப்பிக் கொடுப்பதென்றால் முதலாளி ஒரிஜினல் பில்லைத்தான் கேட்பார்.

மாஸ்டர்: ஒரிஜினல் பில் எங்கே?

தம்பி: எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. அதை நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை.

மாஸ்டர்: அப்படியா? அந்தக் கொப்பியைக் கொஞ்சம் அராவிப் பாரும், தம்பி.