காலைப் பிடித்துவிடுங்கள், காதில் பூச் சுற்றாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தில் நடந்த ‘இலவசப் பாத அழுத்த முகாம்’ கூத்து இந்நேரம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பாதத்தை அமுக்கினால் நோயெல்லாம் தீரும் என்று சொல்லி மெஷின் விற்றார்கள். வீடியோவும் சுற்றுகிறது. அதில் எழுந்து கேள்வி கேட்டு, “சார், நெகட்டிவா பேசாதீங்க, உட்காருங்க” என்று அமுக்கப்படும் ஜீவன் நான்தான். அன்று ராத்திரியே அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். சந்தோஷம். தினமும் வரும் குட்மார்னிங் ரோஜாப்பூவிலிருந்து விடுதலை.

ஆனால் நான் சொல்லாததையெல்லாம் சொன்னதாகப் பேசுகிறார்கள். கால் பிடித்துவிடுவதை நான் எதிர்க்கவே இல்லை. நல்ல விஷயம். உடம்பு தளரும், பாதம் கதகதப்பாகும், வலி கொஞ்சம் மட்டுப்படும், தூக்கம் வரும். பாதத்தை அமுக்கினால் கிட்னி சரியாகும், இதய அடைப்பு கரையும், சுகர் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன். அதைச் சொல்லிப் பதினெட்டாயிரம் ரூபாய் மெஷினைப் பென்ஷன்காரர்கள் தலையில் கட்டுவதை எதிர்க்கிறேன். இவ்வளவுதான்.

ரத்த ஓட்டம் பற்றி மைக் பிடித்த அண்ணன் அரைமணி நேரம் பேசினார். சரி, அதையே பேசுவோம். இதயம் ரத்தத்தைக் கீழே அனுப்பிவிடும். பாதத்துக்குப் போனது திரும்ப மேலே ஏற வேண்டுமே, அதில் பெரும்பங்கு வேலை கெண்டைக்கால் தசைக்கு. நடக்கும்போது அது இறுகி, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களான சிரைகளைப் பிழிந்துவிடுகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்பது இதனால்தான். மணிக்கணக்கில் அசையாமல் நின்றாலோ உட்கார்ந்தாலோ இந்தப் பம்ப் ஓய்ந்துபோகும், கால் வீங்கும். குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினாலே இது வேலை செய்யும், தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தாலும் போதும். இதற்குக் காசு கிடையாது. அதனால் முகாமும் கிடையாது.

“இது நம் முன்னோர் கலை, கேலி செய்யாதே” என்று ஒரு அக்கா குரூப்பில் பொங்கியிருக்கிறார் (ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவருக்கு நன்றி). அக்கா, பெருவிரலில் மூளை, வலது பாதத்தில் கல்லீரல், உள்ளங்கால் நடுவில் கிட்னி என்று மேடையில் கலர் கலராக ஒரு படம் தொங்கியதே, அதன் பூர்வீகம் அமெரிக்கா. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்பை நெடுக்காகப் பத்து மண்டலமாகப் பிரித்தார், 1917-இல் புத்தகமும் வந்தது. 1930-களில் யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபிஸ்ட் அதைப் பாதத்துக்குக் கொண்டுவந்து வரைபடமாக்கினார். நம்முடையது வர்மம், உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை வைத்துச் செய்யும் வைத்தியம். அந்தப் புள்ளிகளில் இரண்டு வகை: படுவர்மம் 12, தொடுவர்மம் 96, ஆக 108. கன்னியாகுமரிப் பக்கம் ஆசானிடம் வருஷக்கணக்கில் இருந்து கற்றுக்கொள்கிறார்கள். அது எந்தெந்த நோயைத் தீர்க்கும் என்பது தனி விவாதம். ஆனால் இ.எம்.ஐ.யில் மெஷின் விற்ற ஆசானை நான் பார்த்ததில்லை.

“அப்போ அழுத்தப் புள்ளி எல்லாமே பொய்யா?” என்று கேட்பீர்கள். இல்லை. மணிக்கட்டுக்கு உள்பக்கம், ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி ஒரு புள்ளி இருக்கிறது. அதைத் தூண்டினால் ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டல் குறைகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களே சொல்கிறார்கள். ஏற்றுக்கொள்கிறேன். குமட்டல் குறைவதும் கிட்னி குணமாவதும் ஒன்றா?

“இங்கிலீஷ் டாக்டர் மட்டும் யோக்கியமா?” இல்லை. அதற்காக?

“உனக்கு என்ன தகுதி?” நான் டாக்டர் இல்லைதான். மைக் பிடித்தவரும் இல்லை. அவரிடம் யாரும் கேட்கவில்லையே.

நான் ஏன் எழுந்தேன் என்று வீடியோ எடுத்தவர் காட்டவில்லை. இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர், பல வருஷமாகச் சுகர். சாக்ஸைக் கழற்றினார். நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் தோல் வெளுத்து ஊறிப்போய்ப் புண். அது அவருக்கே தெரியவில்லை. அந்தக் காலை அப்படியே மெஷினில் வைத்துச் சூட்டையும் போட்டுவிட்டார்கள். “ஐயா, சூடு தெரியுதா?” “ஒண்ணும் தெரியலையேப்பா.” “போகப் போகத் தெரியும்.” சுகர் முற்றிப் பாதத்தில் உணர்ச்சி செத்தவருக்குச் சூடு எப்படித் தெரியும்? கொப்புளம் வந்தாலும் தெரியாது. புண் ஆறாமல் விரலையே எடுக்க வேண்டி வருவது இப்படித்தான். இன்னொன்று, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் தயவுசெய்து யாரும் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலில் போய் அடைக்கக்கூடும். இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நெகட்டிவாம்.

“கால் பிடிக்கிறதோட அருமை இவனுக்கு என்ன தெரியும்” என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சுட்டது. என் அம்மா மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக்காட்டும் வேலை பார்த்தவர். காலையில் போனால் கடை மூடும்வரை நிற்க வேண்டும். கூட்டம் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது, சூப்பர்வைசர் பார்ப்பார். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி வந்து திண்ணையில் காலை நீட்டுவார். கணுக்கால் வீக்கத்தில் கொலுசு பதிந்த தடம் இருக்கும். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு சுருட்டல், புழு நெளிவதுபோலப் பச்சையாய். தேங்காயெண்ணெய் தொட்டு நான்தான் பிடித்துவிடுவேன். உள்ளங்கால் குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் “ஸ்ஸ்” என்பார், அப்புறம் கண்ணை மூடிக்கொள்வார். “போதும்டா, போய்ப் படி.” மறுநாள் ராத்திரி அதே வீக்கம். என் விரலுக்கு அவ்வளவுதான் சக்தி. அம்மாவுக்குத் தேவைப்பட்டது அழுத்தப் புள்ளி இல்லை, ஒரு முக்காலி.

அந்த முக்காலியைச் சட்டமாக்கக் கேரளத்துக்கு 2018 வரை ஆனது, நமக்கு 2021 வரை. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். அதற்குள் அம்மா வேலையை விட்டிருந்தார். இப்போதும் சில கடைகளில் போய்ப் பாருங்கள், ஸ்டூல் இருக்கும், அதன்மேல் துணிக்கட்டு இருக்கும்.

கடையை ஏன் சொல்ல வேண்டும்? நம் கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் அண்ணனுக்கு நாற்காலி கேட்டபோது, “உட்கார்ந்தா தூங்கிடுவார்” என்று மறுத்தது இதே அசோசியேஷன். ரத்த ஓட்டத்துக்கு முகாம் நடத்தி டீயும் சமோசாவும் கொடுத்தவர்கள். அவர் கால் ரத்தம் மட்டும் தானாக ஏறிக்கொள்ளும்போல.

அந்தப் பெரியவரின் மகனிடம் பேசிவிட்டேன். அரசு ஆஸ்பத்திரியில் பாதத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறேன், காசு ஆகாது. மெஷினுக்கு முன்பணம் கட்டியவர்கள் ரசீதைத் தேடி வையுங்கள். நாற்காலி விஷயத்தை அடுத்த மீட்டிங்கில் மறுபடி எழுப்புவேன். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டீர்கள், சரி. மீட்டிங்குக்கு வராதே என்று சொல்ல முடியாது செயலாளர் சார், மெயின்டனன்ஸ் நானும் கட்டுகிறேன்.