ஐஸ் ஹாக்கிக் காதல் நாவல்களில் ஊருக்கு என்ன வேலை?

முழங்காலில் அடிபட்ட ஐஸ் ஹாக்கி வீரன் ஒருவன் பிறந்த ஊருக்குத் திரும்பி வருகிறான். ஊரில் ஒரு மெயின் ரோடு, ஒரு பேக்கரி, ஒரு பள்ளிக்கூடம், கூரை ஒழுகும் ஒரு ஐஸ் அரங்கம். பேக்கரி நடத்துகிறவள் அவனோடு படித்தவள், அவன்மேல் பழைய கோபம் ஒன்று வைத்திருப்பவள். அரங்கத்தை இழுத்து மூடிவிடலாமா என்று நகராட்சி யோசிக்கிறது. சின்னப் பிள்ளைகளின் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆளில்லை. மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள். அப்படிச் சொல்லிவிட முடிகிறது என்பதாலேயே இந்த நாவல்களை மட்டமாகப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு இவை மிகவும் பிடிக்கும். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவனும் அவளும் சேர்ந்துவிடுவார்கள் என்பது முதல் அத்தியாயத்திலேயே தெரியும். பக்கத்தைப் புரட்ட வைப்பது வேறொரு கேள்வி: அவன் ஊரோடு தங்குவானா? அந்தக் கேள்விக்கு இவ்வளவு கனம் வருவதற்குக் காரணம் ஹாக்கிதான். கிரிக்கெட்டையோ கூடைப்பந்தையோ அந்த இடத்தில் வைத்தால் கதை இப்படி நிற்காது என்பது என் எண்ணம்.

கனடாவில் நன்றாக ஆடும் பையன் 15, 16 வயதிலேயே வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். அங்குள்ள ஜூனியர் லீக்குகள் அந்த வயதிலேயே பையன்களைத் தேர்ந்தெடுத்து எங்கோ இருக்கும் இன்னொரு ஊருக்கு அழைத்துக்கொள்கின்றன. அங்கே அவனுக்குத் தங்க இடம் கொடுப்பது முன்பின் தெரியாத ஒரு குடும்பம். பில்லெட் குடும்பம் என்பார்கள். மளிகைச் செலவுக்கென்று கிளப் ஒரு சிறு தொகை தரும். மற்றபடி அவனை எழுப்பிவிடுவது, சாப்பாடு போடுவது, தோற்று வந்த ராத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எல்லாம் அந்த வீட்டுக்காரர்கள்தான். இரண்டு மூன்று வருடம் கழித்து அவனும் போய்விடுவான், அந்த அறைக்கு அடுத்த பையன் வருவான். பெற்ற ஊர் ஒன்று, வளர்த்த ஊர் ஒன்று, இரண்டுமே அவனை விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். நல்ல நாவலாசிரியர்கள் இந்த வளர்ப்புத் தாயை மறப்பதில்லை. கதாநாயகன் காதலிக்கும் பெண்ணைப் பார்க்க வரும் முதல் ஆள் பல நாவல்களில் அவர்தான்.

அதன் பிறகு என்ஹெச்எல், அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் பெரிய தொழில்முறை லீக். 32 அணிகள், சீசனுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். ஒப்பந்தத்தில் தனியாக ஒரு ஷரத்து எழுதி வாங்காத வீரனை எந்த நாளும் வேறு அணிக்கு மாற்றிவிடலாம். ஒரு போன் வரும், பெட்டியைக் கட்ட வேண்டும். மனைவிக்கு அந்த ஊரில் வேலை இருக்கும், பிள்ளை அங்கே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இதில் ஒரு நிஜக் கதையை நான் அடிக்கடி நினைப்பேன். கனடா ஹாக்கியின் பெரிய நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி. பிராண்ட்ஃபோர்டில் அப்பா வீட்டுக் கொல்லையில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்த தளத்தில் ஆடக் கற்றுக்கொண்டவர், எட்மண்டன் அணியின் உயிர். 1988 ஜூலை 16ஆம் தேதி எட்மண்டனில் அவருக்கும் அமெரிக்க நடிகை ஜேனட் ஜோன்ஸுக்கும் கல்யாணம். அரச குடும்பத்துக் கல்யாணம் போல நாடே பார்த்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 9 அன்று அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பத்திரிகையாளர்கள் முன்னால் அவர் பேச முடியாமல் அழுதார். இந்த மாற்றத்தை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கேட்டார். அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாதது. பழி முழுக்க அந்தப் பெண்மேல் விழுந்தது. அவள்தான் தன் சினிமா வாழ்க்கைக்காக அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். அணியின் முதலாளிக்கு இருந்த பணத் தேவை பின்னால் எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அந்த நேரத்துக் கோபம் புது மணப்பெண்ணைத்தான் தேடிப் போனது. வந்த மருமகள்மேல் பழிபோட எந்த ஊருக்கும் பாஸ்போர்ட் தேவையில்லை.

இந்த நாவல்கள் அந்தப் பழிக்குப் பதில் சொல்கின்றன என்றுதான் நான் வாசிக்கிறேன். இங்கே பெண் அவனை ஊரிலிருந்து பிரிப்பவள் இல்லை, அவனுக்கு ஊரைத் திருப்பிக் கொடுப்பவள். அவளுக்கென்று ஒரு கடையோ வேலையோ வீடோ இருக்கிறது. அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு பின்னால் போக வேண்டாம். இந்தத் தடவை அவன் வரட்டும்.

வெறும் கற்பனை என்று இதைத் தள்ளிவிடவும் முடியாது. என்ஹெச்எல்லில் ஜெயிக்கும் அணிக்கு இன்று கிடைக்கும் ஸ்டான்லி கோப்பை 1893இலிருந்து கொடுக்கப்பட்டு வருகிறது. 1995 முதல் ஒரு வழக்கம்: ஜெயித்த அணியின் ஒவ்வொரு வீரனுக்கும் கோடைக்காலத்தில் ஒரு நாள் அந்தக் கோப்பை சொந்தம். அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். கூடவே காவலுக்கு ஒருவர் வருவார். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஆடிய கோடீஸ்வரப் பையன்களில் எத்தனையோ பேர் அந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டு நேராகப் போவது, தான் ஸ்கேட் கட்டிய ஊருக்கு. சுமார் 15 கிலோ வெள்ளிக் கோப்பையை ஊர் அரங்கத்தில் வைத்து, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரோடும் படம் எடுத்துக்கொள்கிறான். மினசோட்டாவில் கனடா எல்லையை ஒட்டி வாரோட் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை இரண்டாயிரத்துக்கும் கீழே. 1960இலும் 1980இலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற இரண்டு அமெரிக்க ஆண்கள் அணிகளிலும் அந்த ஊர்ப் பையன்கள் ஆடினார்கள். முதல் தடவை பில், ரோஜர் கிறிஸ்டியன் என்ற அண்ணன் தம்பி, இரண்டாம் தடவை பில்லின் மகன் டேவ். 2018இல் பெண்கள் அணி தங்கம் வென்றபோதும் அதில் வாரோட் பெண் ஜிஜி மார்வின் இருந்தார். இப்படி ஓர் ஊரை நாவலில் வைத்தால் மிகைப்படுத்தல் என்பார்கள்.

சரி, அரங்கத்துக்கு வருவோம். இந்த நாவல்களின் ருசியில் பாதி அங்கேதான் இருக்கிறது. விடிவதற்கு முன்பே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பெற்றோர் வருவார்கள், கையில் காபி. வியர்வை ஊறிய கையுறைகளின் வீச்சம். இடைவேளையில் ஐஸின்மேல் ஜம்போனி வண்டி மெதுவாக வட்டமடிக்கும். அடியிலுள்ள நீளமான கத்தி ஐஸை மெல்லிசாகச் சீவும், சீவிய தூள் உள்ளே போகும், பின்னால் தொங்கும் அகலமான துணி வெந்நீரைச் சீராகப் பரப்பிக்கொண்டே வரும். வெந்நீர் எதற்கு என்றால், அது கீழே இருக்கும் ஐஸைக் கொஞ்சம் இளக்கி அதோடு ஒட்டிக்கொள்ளும், உள்ளே காற்றுக் குமிழும் குறையும். அதனால் தளம் கண்ணாடி மாதிரி வரும். இந்த வண்டியை 1949இல் ஃபிராங்க் ஜம்போனி உருவாக்கியது வெயில் கொளுத்தும் கலிஃபோர்னியாவில். அதே 1949இல்தான் கனடாவின் வின்னிபெக்கில் ஹார்லெக்வின் பதிப்பகம் தொடங்கியது. நம் லெண்டிங் லைப்ரரிகளில் கைமாறிக் கைமாறிக் கிழிந்த மில்ஸ் அண்ட் பூன் 1971இல் போய்ச் சேர்ந்தது அந்த நிறுவனத்திடம்தான். ஐஸைச் சமன் செய்யும் வண்டியும் காதல் நாவலின் பெரிய கம்பெனியும் ஒரே வயது என்பது எனக்கு ஏனோ சந்தோஷமாக இருக்கிறது.

ஸ்கேட் கட்டிவிடும் காட்சி இல்லாத ஹாக்கிக் காதல் நாவல் அபூர்வம். அதை எழுதும் விதத்தை வைத்தே ஆசிரியருக்கு விளையாட்டு தெரியுமா தெரியாதா என்று சொல்லிவிடலாம். விரல் பக்கம் கயிறு கொஞ்சம் தளர்வாக இருக்கலாம், கணுக்காலிடம் வரும்போது ஒவ்வொரு பின்னலையும் தனித்தனியாக இழுத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் பிசகும். ஆறடி உயரமும் உடைந்த முன்பல்லும் உள்ள ஒருவன் அவளுக்கு எதிரே மண்டியிட்டு இதைப் பொறுமையாகச் செய்கிறான். சின்ன வயதில் அவனுக்கு அவன் அப்பா செய்தது. நூறு முத்தக் காட்சியைவிட எனக்கு இது பெரிது. உடம்பு முழுக்கக் கவசம் கட்டி, ஆட்களைப் பலகைச் சுவரில் மோதித் தள்ளுவதற்கே பழகியவன் இவ்வளவு மெதுவாகவும் இருக்க முடியும் என்பதை வசனம் இல்லாமல் காட்டிவிடுகிறது. நிஜ ஆட்டத்திலும் அப்படி ஒரு கணம் உண்டு. பிளேஆஃப் என்னும் சீசன் முடிவு வெளியேற்றுச் சுற்றில் இரண்டு வாரம் ஒருவரை ஒருவர் புரட்டி எடுத்தவர்கள், கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு வரிசையாக வந்து எதிரணியின் ஒவ்வொருவருக்கும் கை கொடுப்பார்கள்.

நகைச்சுவை எங்கே வருகிறது? ஊர் சும்மா இருக்காததில்தான். பெனால்டி பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னத் தப்புக்கு இரண்டு நிமிடம், கைகலப்புக்கு ஐந்து நிமிடம், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் முதல் வரிசையில் அவள், அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய பாட்டி, பாட்டிக்கு அவர்கள் நேற்று எங்கே காபி குடித்தார்கள் என்பதுகூடத் தெரியும். நகரத்துக் காதல் கதையில் ரகசியத்தைக் காப்பாற்ற சாமர்த்தியம் போதும், இங்கே ஜம்போனி வண்டி ஓட்டுகிறவரிலிருந்து தபால்காரர் வரைக்கும் கூட்டணி சேர வேண்டும். ஊர் இப்படி மூக்கை நுழைப்பதை நான் சகித்துக்கொள்வதற்குக் காரணம், அதே வாய்கள்தான் அவளுடைய கடையில் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் வாளியோடு வந்து நிற்கின்றன.

எல்லா நாவலும் இப்படி என்று சொல்லமாட்டேன். கதாநாயகனுக்கு ஒரு ஜெர்சியை மாட்டிவிட்டு, ஹாக்கியே இல்லாமல் முன்னூறு பக்கம் ஓட்டுபவை ஏராளம். அவற்றில் ஊர் என்பது இலையுதிர்கால அலங்காரம் மட்டுமே. ஆலை மூடியதும் இளைஞர்கள் போனதும் பள்ளி வேறொரு பள்ளியோடு இணைக்கப்பட்டதும் அங்கே வராது. சிறு நகரங்களில் அரங்கத்தைப் பராமரிக்கப் பணமில்லாமல் திண்டாடுவது நிஜம். கனடாவில் 2006 முதல் ஹாக்கிவில் என்று ஊர்களுக்கிடையே ஒரு போட்டி நடக்கிறது. ஜெயிக்கும் ஊருக்கு அரங்கத்தைப் புதுப்பிக்கப் பணமும், ஒரு என்ஹெச்எல் முன்சீசன் ஆட்டமும் கிடைக்கும். அதற்காக ஊரே ஓட்டுக்கேட்டுத் திரிவதில் பத்து நாவல்களுக்குக் கதை இருக்கிறது.

இன்னொன்றும் பேசியாக வேண்டும். நிஜ ஹாக்கி உலகம் பெண்களிடம் நடந்துகொண்ட விதம். பாலியல் வன்முறைப் புகார்களைப் பணம் கொடுத்து முடிக்க அந்நாட்டு ஹாக்கியை நிர்வகிக்கும் ஹாக்கி கனடா அமைப்பு ஒரு நிதி வைத்திருந்ததும், பதிவு செய்த ஆட்டக்காரர்கள் கட்டும் கட்டணத்தின் ஒரு பங்கு அதற்குள் போனதும் 2022இல் வெளியே வந்தது. அந்த அக்டோபரில் தலைமை அதிகாரியும் இயக்குநர் குழு முழுவதும் வெளியேறினார்கள். இதைத் தெரிந்துகொண்டே மென்மையான ஹாக்கி வீரனைப் பற்றி வாசிப்பது எப்படி என்று கேட்டால், என் பதில்: தெரிந்ததால்தான். சம்மதத்தைக் கேட்கும், அழத் தெரிந்த, அணியில் ஒருவன் அசிங்கமாகப் பேசினால் வாயை மூடச் சொல்லும் ஒருவனைப் பெண்கள் திரும்பத் திரும்ப எழுதுவது, அப்படி இருங்கள் என்று கேட்பதுதான்.

அந்தக் கண்ணியம் வாசிக்கும் நம்மிடமும் வேண்டும். 2023இல் சியாட்டில் கிராக்கன் என்ற என்ஹெச்எல் அணி காதல் நாவல் வாசகிகளை ஈர்க்க டிக்டாக்கில் வீடியோக்கள் போட்டது. அதைத் தொடர்ந்து ஒரு வீரரைப் பற்றி ஆபாசமான பேச்சு எல்லை மீறியது. அவர் மனைவி வெளிப்படையாகக் கண்டித்தார், அவரும் பேசினார். அணி அந்த வீடியோக்களை எடுத்துவிட்டது. அந்தப் பெண் சொன்னதில் முழு நியாயம் இருந்தது. கதாபாத்திரத்தைக் கொஞ்சலாம், உயிரோடு இருக்கும் ஆளின் உடம்பு நம் பொதுச்சொத்து இல்லை.

சஸ்காட்சுவானில் ஹம்போல்ட் என்ற ஊர், சுமார் ஆறாயிரம் பேர். 2018 ஏப்ரல் 6ஆம் தேதி அந்த ஊர் ஜூனியர் அணி பிளேஆஃப் ஆட்டத்துக்குப் போன பேருந்து லாரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். பையன்களில் பலர் வேறு ஊர்க்காரர்கள். அதனால் பெற்ற வீட்டோடு பில்லெட் வீடும் துக்க வீடானது. கனடா முழுக்க ஜனங்கள் வாசலில் விளக்கைப் போட்டு ஹாக்கி மட்டையைச் சாய்த்து வைத்தார்கள். இதற்குப் பிறகு வந்த எந்த நாவலிலும், ராத்திரியில் பனிப்பாதையில் பேருந்து திரும்பி வரும் வரைக்கும் ஊர் விழித்திருக்கும் காட்சியை என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

நமக்கு ஐஸ் இல்லை, ஆனால் ஹாக்கி ஊர் இருக்கிறது. கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடக்கும் நாட்களில் ஊரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். அங்கிருந்து போன மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு ஆடினார். தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய், கரிசல்காட்டு எழுத்து எல்லாம் உள்ள ஊர். நன்றாக ஆடும் பிள்ளை விளையாட்டு விடுதிக்கும், அப்புறம் ரயில்வேக்கோ போலீஸுக்கோ போய்விடுவதும் அதே கதைதான். அங்கே ஒரு சிரிப்புக் காதல் நாவல் எழுத எல்லாம் தயாராக இருக்கிறது. கதாநாயகி அணியின் கோல்கீப்பராகவே இருக்கட்டும், வட அமெரிக்காவில் பெண்கள் ஐஸ் ஹாக்கிக்குப் புதிய தொழில்முறை லீக் ஒன்று 2024 ஜனவரியில் தொடங்கிவிட்டது, அங்குள்ள நாவல்களும் அந்தப் பக்கம் திரும்புகின்றன. எழுதப்போகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கடைசி அத்தியாயத்தில் அவளைச் சென்னைக்கு ரயில் ஏற்றிவிடாதீர்கள்.