அந்த அலை எங்கட அலைதான்

ஞாயிற்றுக்கிழமை வீடியோவை எல்லாரும் பாத்திருப்பியள். ஏரியில எங்கட தமிழ் ஆக்களின்ர போட்டுகள் எழுப்பின அலை, டொக்கில (படகு கட்டுற மேடையில) தூண்டில் போட்டுக்கொண்டு நிண்ட ஒரு ஐயாவுக்கும் பேரனுக்கும் மேல வாற வீடியோ. பாக்காத ஆக்களுக்காக நான் அதை இங்கை திரும்பப் போடப் போறதில்லை. அந்த ஐயாவின்ர முகம் அதில நல்லாத் தெரியுது. சிரிச்சது காணும்.

நான் சொல்ல வந்தது ஒண்டே ஒண்டு. அந்த அலையை எழுப்பினது நாங்கள். டொக்கில நிண்ட மனுசன் எழுப்பேல்லை. இதைத்தான் எங்கட போட் குறூப்பிலயும் எழுதினன். பத்து நிமிசத்தில என்னைத் தூக்கிப் போட்டாங்கள். ஐந்து வருசமா எல்லாற்ற இஞ்சின் வருத்தத்துக்கும் மருந்து சொன்ன குறூப். பரவாயில்லை. இது என்ர சுவர், இங்கையிருந்து என்னை ஆரும் தூக்கேலாது.

உடன "இவருக்குப் பொறாமை" எண்டு வருவினம். ஓம் ராசா, சரியான பொறாமை. என்னட்டையும் போட் இருக்கு. 19 அடி, 150 குதிரைவலு, ஆரோ ஓடிக் களைச்சதை வாங்கினது. மே மாசம் அதின்ர குளிர்காலப் பிளாஸ்ரிக் சுத்தலைக் கிழிக்கிற நாள்தான் எனக்குத் தீபாவளி. ஒக்ரோபரில திரும்பச் சுத்தேக்கை மனுசி கேப்பா, "ஆரும் செத்துப் போச்சினமோ?" எண்டு. அவ்வளவு ஆசை. அதாலதான் சொல்லுறன், எங்கட ஆக்களின்ர வருத்தம் எனக்குத் தெரியும். சுக்கானைப் பிடிச்ச உடன கரையில நிக்கிற சனம் எங்களுக்கு மரம் மட்டை மாதிரித்தான் தெரியும். கனோவில போறவன் இடைஞ்சல், நீந்துறவன் இடைஞ்சல், தூண்டில் போடுறவன் பெரிய இடைஞ்சல். ஏரி என்னவோ எங்கட அப்பன்ர சீதனக் காணி மாதிரி.

"நாங்கள் கரைக்குக் கிட்ட வரேக்கை மெதுவாக்கினாங்கள்தானே" எண்டு ஒரு அண்ணை எழுதியிருந்தார். அண்ணை, உங்களில எனக்கு மரியாதை இருக்கு. ஆனா 50இல ஓடினதை 18க்குக் கொண்டு வாறதுக்குப் பேர் மெதுவாக்கிறது இல்லை. வேகம் எடுத்த போட் தண்ணிக்கு மேல வழுக்கிக்கொண்டு போகும், அலை சின்னன். அரைகுறையாக் குறைச்சாப் பின்பக்கம் தாண்டு, அணியம் வானத்தைப் பாத்துக்கொண்டு, ஏரியை உழுதுகொண்டு போகும். ஆகப் பெரிய அலை வாறது அப்பதான். அதிலயும் அண்டைக்கு முன்னுக்குப் போனது வேக் போட். தாங்கியளுக்குள்ள தண்ணியை நிரப்பி, பின்பக்கத்தை வேணுமெண்டு தாழ்த்தி, அலை எழுப்பிறதுக்கெண்டே செய்த சாமான். அலை வந்திட்டுது எண்டு அதில இருந்துகொண்டு ஆச்சரியப்படக் கூடாது.

"30 மீற்றருக்கு வெளியாலதான் ஓடினாங்கள், சட்டப்படி சரி." இந்தக் கதைதான் எனக்கு ஆகலும் விசர். ஒன்ராறியோவில கரையில இருந்து 30 மீற்றருக்குள்ள மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல ஓடக்கூடாது. உண்மை. அப்ப 31ஆவது மீற்றரில எழும்பின அலை, சட்டத்தை வாசிச்சிட்டுத் திரும்பிப் போகுமோ? மினசோட்டா பல்கலைக்கழகத்தில 2022இல அளந்து பாத்திட்டு, அலைச்சறுக்குப் போட்டுகள் கரையில இருந்து 500 அடிக்கு மேல தள்ளி ஓடவேணும் எண்டு சொன்னவை. 30 மீற்றர் எண்டா 100 அடிதான். வேர்மொண்டில 2024இல அந்த 500 அடியைச் சட்டமாக்கியும் போட்டினம். எங்கட கனடாச் சட்டத்திலயும் மற்ற ஆக்களைப் பற்றி யோசிக்காமல் ஓட்டுறது குற்றம் எண்டு எழுதிக் கிடக்கு. ஆனா அதை ஆர் வாசிக்கிறது? ஒன்லைனில 50 கேள்விக்குப் புள்ளடி போட்டு, சாகும் வரைக்கும் செல்லுபடியாகிற அட்டையை எடுத்தாச்சு. அதோட கப்டன்.

கயாக் ஓடுற ஆக்களும் இருட்டில லைற் இல்லாமல் வருவினம்தான். ஒத்துக்கொள்ளுறன். அதைப் பற்றி வேற நாள் சண்டை பிடிப்பம்.

"நீ என்ன பெரிய யோக்கியனோ?" இல்லை. வாங்கின முதல் கோடையில, கவர்த்தா ஏரிப் பக்கம் ஒரு டொக்குக்குக் கிட்டவாப் போனன். திரும்பிப் பாக்க, ஒரு பெம்பிளை ஏணியில பாதி இறங்கின சின்னப் பிள்ளையை ஒரு கையாலயும் ஏணியை மற்றக் கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. என்னைப் பேசேல்லை. பாத்தா. நான் கையைக் காட்டினன், "ஹாய்" எண்டு. அவ கோவத்தில பாக்கிறா எண்டு விளங்கவே எனக்கு அந்த வீக்கெண்ட் முழுக்கத் தேவைப்பட்டுது.

அப்பா இருந்திருந்தா எனக்கு அந்த இடத்திலயே விழுந்திருக்கும்.

அப்பா யாழ்ப்பாணத்து மயிலிட்டி. பிளாஸ்ரிக் போட், பின்னால இஞ்சின். ஆனா கட்டுமரம் ஒண்டைக் கண்டா, அது எவ்வளவு தூரத்தில இருந்தாலும், கை தன்பாட்டில இஞ்சினைக் குறைச்சுப் போடும். "அவன் வலை வைச்சிருப்பான்" எண்டுவார். கட்டுமரத்தில நிக்கிறவர் கையைத் தூக்குவார், இவரும் தூக்குவார். அவ்வளவுதான். சட்டமும் இல்லை, அட்டையும் இல்லை. 1990இல சண்டையால ஊரை விட்டு ஓடினது. பிறகு மண்ணெண்ணெய்க்கும் தடை வந்து, ஆற்றையோ வள்ளத்தில சவள் போட்டு வலிச்சவர். இஞ்சின் வைச்சிருந்தவனும் அவர்தான், வலிச்சவனும் அவர்தான்.

கனடாவுக்கு வந்தாப் பிறகு அவருக்கு இருந்த ஒரே சந்தோசம் சிம்கோ ஏரிக் கரையில தூண்டில். 2007இல அங்கை என்ன நடந்தது எண்டு இப்ப போட் வைச்சிருக்கிற பெடியளுக்குத் தெரியாது போல. ஆசிய முகம் எண்டா இருட்டில வந்து தண்ணிக்குள்ள தள்ளி விட்டவங்கள். அதுக்கெண்டு கேவலமான பேர் ஒண்டும் வைச்சிருந்தாங்கள். ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு விசாரிச்சு, அடுத்த வருசம் அறிக்கை விட்டது. போகாதேங்கோ எண்டு அப்பாட்டைக் கெஞ்சினன். "தள்ளினா நீந்தி வருவன், உனக்கேன் பயம்" எண்டார்.

ஒருத்தரும் தள்ளேல்லை. ஆனா ஒரு நாள் நானும் பக்கத்தில நிக்கேக்கை வேகப் போட் ஒண்டு வளைவால திடீரெண்டு வந்துது. திரும்பிப் பாக்கிறன், அப்பா தூண்டிலை விட்டிட்டு டொக்கில குப்புறப் படுத்திருக்கிறார். இலங்கை நேவியின்ர டோறாப் படகுச் சத்தம் கேட்டுப் பழகின உடம்பு. போட்டில இருந்தவங்கள் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். கையும் காட்டினாங்கள். அவங்களுக்கு என்ன தெரியும்? பிறகு அலை வந்து அவரை நனைச்சுது. எழும்பி சேட்டைப் பிழிஞ்சுகொண்டு, "போவம்" எண்டார். காரில ஒண்டும் கதைக்கேல்லை. ஆமி பிடிச்சு வைச்சிருந்த மயிலிட்டித் துறைமுகத்தை 2017இல விட்டவங்கள், அதைக் கேக்க அவர் இருக்கேல்லை.

இப்ப விளங்குதோ நான் ஏன் இவ்வளவு கத்திறன் எண்டு?

குறூப்பில ஒருத்தர் எழுதினார், "சீனன் தானே, ஒவ்வொரு கிழமையும் வாளி வாளியா அள்ளிக்கொண்டு போறவங்கள்." கீழ 14 பேர் சிரிப்புக்குறி. அதில ரெண்டு பேற்ற அப்பாமாரை எனக்குத் தெரியும், சிம்கோவில என்ர அப்பாவோட நிண்டு தூண்டில் போட்டவை. வெள்ளைக்காரன் எங்களுக்குச் சொன்ன அதே வசனம், எழுத்துப் பிசகாமல், தமிழில. "வெள்ளைக்காரன் செய்யேக்கை நீ எழுதினனியோ?" எண்டும் ஒருத்தர் கேட்டவர். இல்லை. பயத்தில எழுதேல்லை. "எங்கட ஆக்களை நீயே காட்டிக் குடுக்கிறாய்" எண்டு இன்னொருத்தர். காட்டிக் குடுக்கிறது எண்ட சொல்லை எங்கட சனம் எதுக்கெல்லாம் பாவிச்சது எண்டு தெரிஞ்சுகொண்டுதான் எழுதினவரோ தெரியாது. ஒரு வாளிக்கு இந்தச் சொல்லோ?

இன்னொண்டும் சொல்லோணும், இதைச் சொல்லாமல் விட்டாப் பொய். வீடியோவில பின்னால ஒரு வெள்ளை போட் தெரியும். அது என்ர. நானும் அண்டைக்கு அவையோடதான் போனனான். அந்த ஐயாவும் பேரனும் துள்ளி விலகினதையும், அவற்ற தொப்பியும் வாளியும் தண்ணிக்குள்ள போனதையும் என்ர கண்ணால பாத்தனான். தொப்பி தாண்டு போச்சு. வாளியை எட்டி எடுத்தன். டொக்குக்குக் கொண்டு போறதுக்கிடையில ரெண்டு பேரும் கார்ப் பக்கம் ஏறிட்டினம். கூப்பிட்டன். பேரன் திரும்பினான். ஐயா அவன்ர கையை இழுத்துக்கொண்டு போயிட்டார். எங்களில இன்னொருத்தன் இன்னும் ஏதோ செய்யத்தான் வாறான் எண்டு நினைச்சிருப்பார்.

வாளி என்ர கராஜில இருக்கு. வெள்ளைப் பெயின்ற் வாளி, கைபிடியில நீலத் துணி சுத்தியிருக்கு, மூடியில சின்னப் பிள்ளையின்ர கையால ஒரு மீன் கீறிக் கிடக்கு. சனிக்கிழமை விடிய ஆறு மணிக்கு அந்த டொக்கில நிப்பன். காரில வருவன், போட்டில இல்லை. ஸ்கார்பரோப் பக்கம் ஆருக்காவது அவரைத் தெரிஞ்சிருந்தா ஒருக்கா இன்பொக்ஸில சொல்லுங்கோ.