டார்வினைத் திருத்திய தோட்டக்காரர்

டார்வின் என்றால் நமக்குப் பீகிள் கப்பலும் கலாபகஸ் தீவுகளும்தான். அந்தக் கப்பல் 1836இல் ஊர் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு 45 ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் பிரிட்டனைத் தாண்டவே இல்லை. கென்ட் பகுதியில் டவுன் என்ற கிராமத்து வீட்டில், பாதி நாள் உடம்பு சரியில்லாமல் உட்கார்ந்துகொண்டு, பிரேசில் காட்டு ஆர்க்கிட் பற்றியும் அமெரிக்கக் கொடி பற்றியும் எழுதினார். எப்படி? கடிதம்தான். அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாகச் சுமார் 15,000 கடிதங்கள் இன்று கிடைக்கின்றன.

என் கட்சி இதுதான்: அவருடைய தாவர ஆய்வுகளை 'தனி மேதையின் சாதனை' என்று சொல்வது தப்பு. அவை ஒரு கூட்டு வேலை. அந்தக் கூட்டத்தில் பட்டம் பதவி இல்லாதவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள்.

கொடிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1858இல் ஹார்வர்ட் தாவரவியலாளர் ஆசா கிரே, பற்றுக்கம்பிகள் எப்படிச் சுருள்கின்றன என்று ஒரு சிறு குறிப்பு எழுதினார். அப்புறம் எக்கினோசிஸ்டிஸ் என்ற அமெரிக்கக் காட்டுக் கொடியின் விதைகளையும் டார்வினுக்கு அனுப்பினார். நம் பாகல், புடலையின் குடும்பம்தான் அது. டார்வின் அதை வளர்த்து மேசையில் வைத்துப் பார்த்தால், எதையும் தொடாதபோதே கொடியின் நுனி தானாகவே வட்டம் போடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். அதைக் கிரேக்கு எழுதினார். 'இது தெரிந்த விஷயம்தானே?' என்கிற மாதிரி பதில் வந்தது. மனிதர் கொஞ்சம் ஆடிப்போய்விட்டார். ஆனாலும் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு, எங்கே வைத்தாலும் அருகிலுள்ள குச்சியைக் கண்டுபிடித்துவிடுகிறது, இதற்குக் கண் இருக்கிறது ஐயா என்றாராம். டார்வின் அதையும் மறக்காமல் தன் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கருக்கு எழுதினார்.

வீட்டில் பாகல் பந்தல் இருந்தால் ஒரு நிமிடம் பாருங்கள். பிடித்துக்கொண்ட பற்றுக்கம்பி ஒரு பாதி இப்பக்கம், மறு பாதி எதிர்ப்பக்கம் சுருண்டு, நடுவில் கொஞ்சம் நேராக இருக்கும். இரண்டு முனையும் கட்டுப்பட்ட ஒன்று ஒரே பக்கமாகச் சுருண்டால் முறுக்கேறிக்கொண்டே போகும் என்று டார்வின் இதற்கு விளக்கம் சொன்னார். 1865இல் கொடிகள் பற்றிய நீண்ட கட்டுரை வந்தது.

அது பிரேசிலுக்கும் போயிற்று. அங்கே ஃபிரிட்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியர், 1852இல் குடியேறியவர், கணக்கு வாத்தியார் வேலை பார்த்தவர். தன் ஊரைச் சுற்றியுள்ள கொடிகளைப் பார்த்து நீளமான பதில் எழுதினார். டார்வின் அதை எடுத்துத் தன் பெயரில் செருகவில்லை. லண்டனின் லின்னேயன் சங்கம் என்ற அறிவியல் சங்கத்தின் இதழில் முல்லர் பெயரிலேயே வெளிவரச் செய்தார். 17 ஆண்டுகள் எழுதிக்கொண்ட இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை.

மடகாஸ்கர் ஆர்க்கிட்டின் ஓரடி நீளத் தேன்குழலைப் பார்த்து, அவ்வளவு நீள உறிஞ்சுகுழல் உள்ள அந்துப்பூச்சி ஒன்று இருந்தே தீரும் என்று டார்வின் சொன்னதும், பிறகு அது கிடைத்ததும் எல்லோரும் சொல்லிச் சலித்த கதை. அந்தப் பூவும் ஜேம்ஸ் பேட்மன் என்ற ஆர்க்கிட் வளர்ப்பாளர் அனுப்பியதுதான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எனக்குப் பிடித்தவர் ஜான் ஸ்காட். எடின்பரோ தாவரவியல் பூங்காவில் நாற்றுப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர். பூச்சிகளால் ஆர்க்கிட் மகரந்தச் சேர்க்கை நடப்பதைப் பற்றிய டார்வினின் புத்தகம் 1862இல் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸ்காட் எழுதுகிறார்: அக்ரோபெரா என்ற ஆர்க்கிட்டில் இருப்பது ஆண்பூ மட்டும்தான் என்கிறீர்களே, நான் மகரந்தம் வைத்துக் காய் பிடிக்க வைத்திருக்கிறேன். டார்வின் அப்போது உலகப் புகழ் பெற்றவர். எழுதியவரோ தோட்டத் தொழிலாளி. நம் ஊர்ப் பல்கலைக்கழகத் துறைத்தலைவர் ஒருவருக்கு இப்படி ஒரு கடிதம் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. டார்வின் பதில் எழுதினார், மேலும் கேள்விகள் கேட்டார், சோதனைகள் சொன்னார். ஸ்காட் சில ஆன்சிடியம் ஆர்க்கிட்டுகளில் சொந்த மகரந்தம் வைத்தால் காய் பிடிப்பதில்லை என்று கண்டார். பிரேசிலில் முல்லரும் அதே பேரினத்தில் அதையே, இன்னும் கடுமையாகப் பார்த்தார்: சொந்த மகரந்தம் சில நாளில் பழுப்பேறிச் செத்துப்போகிறது. ஒன்று ஸ்காட்லாந்துக் கண்ணாடி வீடு, இன்னொன்று பிரேசில் காடு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது டவுன் கிராமத்துத் தபாலில்தான்.

ஆனால் இதை ரொம்ப இனிப்பாக்கவும் மனசு வரவில்லை. கடிதத்தில் கிடைத்த மரியாதை ஸ்காட்டுக்கு வேலையிடத்தில் கிடைக்கவில்லை. மேலதிகாரிகளோடு ஒத்துப்போகாமல் 1864இல் பூங்காவை விட்டார். அங்கே அவருக்கு வேறு இடம் அமையவில்லை. டார்வின் பயணச் செலவு கொடுத்து இந்தியாவுக்கு அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வேலை கிடைத்தது.

லிடியா பெக்கரையும் விட முடியாது. மான்செஸ்டரில் பெண்களுக்கான ஒரு சங்கம் தொடங்கி, முதல் கூட்டத்தில் வாசிக்க ஒரு கட்டுரை அனுப்புங்கள் என்று டார்வினையே கேட்டார். அவர் ஒன்றுக்கு மூன்றாக அனுப்பினார். கொடிகள் பற்றியதும் அதில் ஒன்று. ஆண்களின் அறிவியல் சங்கங்கள் பெண்களை உள்ளே விடாத காலத்தில், 1867 ஜனவரியில், அந்தக் கூட்டம் நடந்தது. பெக்கர் பிறகு பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடினார்.

இந்தக் கடிதங்களைக் கேம்பிரிட்ஜ்காரர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். தொடங்குவதென்றால் பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஸ்காட்டின் முதல் கடிதத்தில் தொடங்குங்கள். அவர் சொல்கிற ஆட்சேபம் அவ்வளவு பணிவு, அவ்வளவு உறுதி.