லாங்யர்பியனில் சாவது குற்றமா?

"நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் உள்ள லாங்யர்பியனில் செத்தால் சட்டப்படி குற்றம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. நிலத்தடி மண் ஆண்டு முழுக்க உறைந்தே கிடப்பதால் புதைத்த உடல் எளிதில் மக்காது. உறைபனி சவப்பெட்டியை மெல்ல மேலே தள்ளிவிடும். அதனால் 1950 வாக்கில் சவப்பெட்டி அடக்கம் நின்றது. அஸ்திக் கலசத்தை அனுமதி வாங்கி அங்கேயே புதைக்கலாம்.

உண்மையான சிரமம் வேறு. அங்கே முதியோர் இல்லம் கிடையாது. இருப்பது சின்ன மருத்துவமனைதான். பிரசவத்துக்குக்கூட முன்கூட்டியே விமானம் ஏறிப் பெருநிலப்பகுதிக்குப் போக வேண்டும். தள்ளாத வயதில் பராமரிப்பு தேவைப்பட்டால் வாழ்ந்த ஊரையே விட்டுக் கிளம்ப வேண்டும். அந்த வேதனையை வேடிக்கைச் செய்தியாக்குவது சரியில்லை.

அடக்க விதிகளை ஸ்வால்பார்ட் ஆளுநர் அலுவலகத்தின் இணையதளத்தில் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.