கொம்புக்கு என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

"மாப்பிள்ளை, '25-ஆம் ஆண்டு' வேண்டாம், '25-ஆவது ஆண்டு' என்று மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதானே?"

காலை ஆறே முக்காலுக்கு மாமா. நான் படுத்ததே நான்கு மணிக்கு.

யார் கண்டுபிடித்தது இந்த ஐந்து நிமிடத்தை? கொத்தனாரிடம் போய், சுவரைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள், ஐந்து நிமிட வேலைதானே என்று யாராவது கேட்கிறார்களா? கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவன் மட்டும்தான் எல்லோருக்கும் இளக்காரம்.

மாமாவுக்கு வெள்ளிவிழாத் திருமண நாள். பழைய சினிமா போஸ்டரில் கதாநாயகன் தலையை எடுத்துவிட்டு மாமா தலை, கதாநாயகி தலையை எடுத்துவிட்டு அத்தை தலை. மண்டப வாசலில் பத்தடிக்கு எட்டடி ஃப்ளெக்ஸ். தலைக்காக அவர் அனுப்பியது, ஏழு பேர் நிற்கும் குரூப் போட்டோ. "வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள் மாமா" என்று மூன்று முறை சொன்னேன். போட்டோவாகவே வந்தது, வாட்ஸ்அப் சுருக்கிய அளவில். மொத்த அகலம் 1600 பிக்சல், அதில் மாமா முகம் 120. ஃப்ளெக்ஸுக்கு அங்குலத்துக்கு 72 என்று வைத்தாலே 8640 பிக்சல் அகலம் வேண்டும். பெரிதாக்கினால் மீசை செங்கல் அடுக்கியதுபோல் வருகிறது. சரி, மீசையை நானே வரைந்தேன். தலைமுடியின் ஓரத்தை மாஸ்க் போட்டு இழை இழையாகப் பிரித்தேன். மாமாவுக்கு முடி குறைவு என்பதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். கொம்பு இருக்கிறதே, கொம்பு!

"வெற்றிகரமான" என்று தட்டினேன். திரையில் 'வ' அநாதையாக முன்னால் நிற்கிறது. அதன் கொம்போ பின்னால் போய் 'ற்' பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அழித்தேன். மறுபடி தட்டினேன். எழுத்துருவை மாற்றினேன். கொம்பு அசையவில்லை. கொம்பை முதலில் தட்டி, பிறகு 'வ' போட்டு ஏமாற்றிப் பார்த்தேன். 'வெ' தேறியது. ஆனால் 'ஆண்டு' முறைத்தது: 'ட' தனியாக, அதன் உகரச் சுழி தனியாக, தண்டவாளம் விட்டு இறங்கிய பெட்டி மாதிரி. கடைசியில் அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு மூலையில், தெற்காசிய எழுத்துகளுக்கென்று ஒரு தேர்வு பதுங்கியிருந்தது. அதைச் சொடுக்கி, மென்பொருளை மூடித் திறந்தபோது கொம்பு பவ்வியமாக முன்னால் வந்து நின்றது. உலக எழுத்துகளுக்கெல்லாம் பொதுக் குறியீடு தரும் யூனிகோடில் 1991-லேயே இடம்பிடித்த மொழி இது. இன்னமும் இந்த மென்பொருள் வாசலில் நிற்கவைத்து "நீ யார்?" என்று கேட்கிறது.

முடிந்ததா? எங்கே முடிந்தது! நேற்று மாலை ஃப்ளெக்ஸ் கடையில் கோப்பைத் திறந்தார்கள். அவர்களுடையது பழைய பதிப்பு. கொம்பு மறுபடி பின்னால். "பாமினியில் அடித்துத் தாருங்கள் சார்" என்றார் கடைத்தம்பி, ஏதோ காபியில் சர்க்கரை குறைவு என்பதுபோல். யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு அது. அதில் 'வெற்றி'க்கு என், டி, டபிள்யூ, அரைப்புள்ளி, மறுபடி டபிள்யூ, பி என்று தட்ட வேண்டும். கையால் எழுதுவதுபோலக் கொம்பு முதலில் வரும் என்பது உண்மைதான். அதற்காக அந்த நேரத்தில் நான் மறுபடி அரிச்சுவடி படிக்க முடியுமா? வீட்டுக்கு வந்து எழுத்துகளை எல்லாம் படமாக மாற்றினேன், இனி எந்தக் கணினியிலும் எந்தக் கொம்பும் நகரக் கூடாது என்று எழுத்து, படம் எனத் தனித்தனி அடுக்காக இருந்த லேயர்கள் அத்தனையையும் ஒன்றாக அமுக்கினேன், மூன்றே முக்காலுக்கு, அரைத்தூக்கத்தில், அதே பெயரில் சேமித்தேன்.

ஆமாம். அதே பெயரில். பழைய கோப்பின் மேலேயே. திட்டுங்கள்.

ஆக 'ஆம்' இருக்கும் இடத்தைச் சுரண்டி, பின்னாலிருக்கும் சூரிய அஸ்தமனத்தை மறுபடி வரைந்துதான் 'ஆவது' வர வேண்டும். மாமாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படியே அத்தையைக் கொஞ்சம் சிவப்பாக்கிவிடுங்கள்" என்றார்.

போன வருடம் இவர் மகன் காதணி விழாவுக்கும் நான்தான் ஃப்ளெக்ஸ் செய்தேன், மூன்று இரவு. அது இப்போது மாமா வீட்டு மாட்டுக்கொட்டகைக் கூரையில் ஒழுகலுக்குப் போர்த்தியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். அங்கே கொம்பெல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மாடுகளுக்கு.